காளியாயி போட்ட முடிச்சு

கோயில் படிக்கட்டில் பாதி ஏறியதும் நிஷாந்தி பால்குடத்தைக் கீழே இறக்கிவிட்டாள். தலையில் ஏறிய குடம் மாரியம்மன் காலடிக்குப் போகும்வரை தரையைத் தொடக்கூடாது. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேளக்காரர்கள்கூட ஒரு கணம் கையை நிறுத்தினார்கள்.

"சாமி குத்தம்டி, பாவி!" என்று அலறினாள் தாய் காளியாயி.

நிஷாந்தி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. கண் இருட்டியது.

இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள் அவள். நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியும் குறுகியிருந்தது. ஆறு வயதில் கொழும்பில் ஆப்பரேஷன். அதற்கு முன்பே காளியாயி மஞ்சள் துணியில் காசு முடிந்து, பிள்ளை பிழைத்தால் வருசா வருசம் பால்குடம் எடுக்க வைப்பதாக நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. அவள் பெரியவளானதும் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டார்கள். முடிச்சு அவிழ்த்த வியாதிக்கு மறுபடி வைத்தியம் பார்த்தால் ஆத்தா கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும் என்று தோட்டத்து லய வீடுகளில் ஒரு பேச்சு உண்டு.

அதனால்தான், இனிப் பெரியவர்களுக்கான இதய கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் கிளினிக்கில் சொன்னபோது, காளியாயி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். பிறகு யாரும் போகவில்லை. நிஷாந்தி தலவாக்கலையில் துணிக்கடை வேலைக்குச் சேர்ந்தாள். சுதாகரனைக் கட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கும் போதெல்லாம் பழியை மலை ஏற்றத்தின் மேல் போட்டாள்.

"குத்தமோ என்னமோ, நாளைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றான் சுதாகரன்.

கிளினிக்கில் இருந்த சிங்கள டாக்டரம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது.

"இவ்வளவு காலம் ஏன் வரல்ல?"

"சொகமாயிருச்சுன்னு நெனச்சோங்க," என்றாள் நிஷாந்தி.

"சின்னதுல செஞ்சது திருத்த வேலை. தகரக் கூரை திருத்தினாலும் பிறகு ஏறிப் பார்க்கணும் தானே? இப்ப வால்வு ஒழுகுது. ஆப்பரேஷன் செஞ்சு புதுசு போட்ட பிறகு குழந்தை பெறுறது பற்றிப் பேசலாம். ஆனா உயிர் உள்ள வரைக்கும் வருசா வருசம் வரணும்."

வீட்டில் அதைக் கேட்டதிலிருந்து காளியாயி மகளிடம் பேசவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"போனா ஒனக்குக் கோவம். போகலேன்னா நான் இருக்க மாட்டேன். எது வேணும்னு நீயே சொல்லும்மா!" என்று நிஷாந்தி அழுதாள். தாய் வெற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆப்பரேஷனுக்குப் புறப்பட்ட காலையில், பஸ் நிற்கும் இடத்துக்குக் காளியாயி தலைமுடிகூட முடியாமல் ஓடி வந்தாள். கையில் மஞ்சள் துணி. அதில் ஒரு காசு. மகளின் நெற்றியில் ஒற்றி எடுத்துவிட்டு இறுக்கி முடிந்தாள்.

"பழைய நேர்த்தி தீர்ந்திருச்சு. இது புதுசு. அடுத்த வருசம் கொடத்த நான் தூக்குறேன். நீ வெறுங்கையோட பின்னால வா."

"நல்லபடியா முடிஞ்சதும் அவுத்துருவியாம்மா?"

"அவுத்தாத்தானே கிளினிக்குப் போகக்கூடாது? இது கெடக்கட்டும், நான் சாகுற வரைக்கும்."

"அத்தை, ஆத்தாவையே ஏமாத்துறீங்களே!" என்று சிரித்தான் சுதாகரன்.

"ஆத்தாவும் புள்ள பெத்தவதான், மாப்ள. நீங்க பஸ்ஸப் பாருங்க."

பஸ் வந்தது. நிஷாந்தி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். காளியாயி கையசைக்கவில்லை. பல்லால் கடித்து முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.