பெஞ்சில் உட்கார்ந்த நாலு பேர்

விபா குமாரி என்ற பெயரை நான் முதன்முதலில் மைக்கில்தான் கேட்டேன். பாட்னாவில் எங்கள் சந்துக்கு எதிரே, அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கவைக்கும் திவாகர் சாரின் கோச்சிங் கூடம். தகரக் கூரைக்குக் கீழே முந்நூறு பிள்ளைகள் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிறு காலையில் மாதிரித் தேர்வு மார்க்கை வாசிப்பார். நல்ல மார்க்கை இல்லை, கெட்ட மார்க்கை. அன்றைக்கும் வாசித்தார்.

"விபா குமாரி, ஊர் ரோசடா. ரீசனிங்ல மைனஸ் மூணு. ஏம்மா, ஒண்ணும் எழுதாம வெறும் தாளைக் குடுத்திருந்தா பூஜ்யமாவது வந்திருக்கும். வெறும் தாள் உன்னைவிடப் புத்திசாலி."

சந்து பூராவும் கேட்டது. நான் சத்து மாவு சலித்துக்கொண்டிருந்தேன், சல்லடை கையிலேயே நின்றுவிட்டது. யார் பெற்ற பெண்ணோ, ஊர் பேரையும் சேர்த்தா இழுப்பது?

நாலாம் நாள் மாடியறை வாடகைக்குக் கேட்டு ஒரு ஒல்லிப் பெண் வந்தாள். பேர் என்ன என்றேன். விபா குமாரி என்றாள்.

"மைனஸ் மூணா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஆமா சாச்சி. ஆனா வாடகை மட்டும் ப்ளஸ்லதான் குடுப்பேன்."

எடுத்த எடுப்பிலேயே சித்தி முறை வைத்துச் சாச்சி என்றாள், அன்றிலிருந்து அவள் என் வீட்டுப் பெண்.

அவளிடம் சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. தப்பாய்ப் போட்ட விடைகளை மட்டும் எழுதுகிற நோட்டு. சரியான விடையைப் பத்துத் தடவை எழுது என்பது திவாகர் சாரின் வழி. இவள் அப்படிச் செய்யவில்லை. கை ஏன் தப்பான பக்கம் போனது என்று ஒவ்வொரு தப்புக்குக் கீழேயும் எழுதுவாள். 'கடைசி வரியைப் படிக்கவில்லை.' 'பக்கத்துப் பெண் வேகமாய்ப் பக்கம் புரட்டினாள், பயந்துவிட்டேன்.' படிக்கச் சொல்லிக் கேட்பேன். எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு, ஆனாலும் நன்றாகப் புரியும்.

ஒருநாள் மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது என்னிடமே ஒரு கேள்வி போட்டாள்.

"சாச்சி, ஒரு பெஞ்சுல நாலு பேர். அம்மா, பெரிய பையன், சின்ன பையன், சின்னவனோட பெண்டாட்டி. இடது கோடியில அம்மா, வலது கோடியில சின்னவன். நடுவுல யார் யாரு?"

"நடுவுல சின்னவன் பெண்டாட்டி மட்டும்தான். பெரியவன் எழுந்து வெளிய போயிருப்பான்."

"ஏன்?"

"ஏனா? தம்பி பெண்டாட்டி மூத்தார் பக்கத்துல ஒட்டி உக்காருவாளா? எந்த ஊருடி அது?"

என் மூத்தார் பைஜ்நாத், என் கணவருக்கு நேர் அண்ணன், மாமனாரின் இரண்டாம் தாரத்துத் தலைப்பிள்ளை. முற்றத்துக்குள் வருமுன் வாசலிலேயே இரண்டு தரம் இருமுவார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போவேன். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் நிழல்கூட என் மேல் பட்டதில்லை. அவர் மூத்த மகள் கல்யாணம் ஆகிச் சாப்ராவுக்குப் போன அன்றுகூட, அவரிடம் சொல்ல வேண்டியதைக் கதவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

விபா விழுந்து விழுந்து சிரித்தாள். "நானும் அதேதான் நினைச்சேன் சாச்சி. 'இப்படி உட்கார வழியில்லை'ன்னு போட்டேன். மார்க்கு போச்சு. கேள்வியில மூத்தார் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு எழுதியிருக்கா? இல்ல. நம்ம வீட்டு முற்றத்தை நாமளே கேள்விக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டோம்."

சிவப்பு நோட்டில் எழுதிக்கொண்டாள்: 'கேள்வியில் இல்லாததை வீட்டிலிருந்து கொண்டுவராதே.'

அந்த நோட்டை ஒருநாள் வகுப்பில் திவாகர் சார் பிடுங்கி மைக்கில் வாசித்தார். "'மூத்தாரை நினைத்துவிட்டேன்.' கேட்டீங்களா? பரீட்சை ஹால்லயும் முக்காடு போட்டுக்குவா போல." முந்நூறு பேர் சிரித்த சத்தம் என் அடுப்படிவரை வந்தது. தப்பைத் தானே ஒப்புக்கொண்டு எழுதி வைத்தவளைப் பார்த்துச் சிரிப்பு. தப்பை ஒளித்து வைத்தவன்களெல்லாம் நல்லவன்கள். அன்றைக்குக் கையில் கரண்டியோடு கூடத்து வாசல்வரை போய்விட்டேன். விபாதான் ஓடி வந்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"விடுங்க சாச்சி. அவருக்குன்னு ஒரு நோட்டு இருந்தா இன்னும் தடியா இருக்கும்."

மாசி மாதம் தேர்வாணையம் வைக்கிற பெரிய தேர்வு. வயது வரம்பின்படி அவளுக்கு அதுவே கடைசித் தடவை. எழுதிவிட்டு வந்தவள் முகத்தில் அப்படியொரு தெளிவு. பிறகு ஆணையத்தின் விடைக்குறிப்பு வந்தது. பார்த்தவள் மாடியிலிருந்து ஒரே ஓட்டமாய் இறங்கி வந்தாள்.

"சாச்சி, மறுபடியும் அதே பெஞ்சு. இந்தத் தடவை இடது கோடியில பெரிய பையன், வலது கோடியில அம்மா. பெரியவன் பக்கத்துல யாருன்னு கேள்வி."

யோசித்தேன். நடுவில் சின்னவனும் அவன் பெண்டாட்டியும். யார் எந்தப் பக்கம் என்று சொல்லியே இல்லையே.

"எப்படிடி சொல்றது? அவனாவும் இருக்கலாம், அவளாவும் இருக்கலாம்."

"அதான் சாச்சி. 'சொல்ல முடியாது'ன்னு நாலாவது விடை இருந்துச்சு, அதைத்தான் போட்டேன். அவங்க சின்ன பையன்னு போட்டிருக்காங்க."

எனக்கு உடம்பு எரிந்தது. கேள்வி எழுதின பெரிய மனுஷன் எவனோ அவனும் தன் வீட்டு முற்றத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மூன்றாம் வகுப்பு படித்த நான் செய்த அதே தப்பு. நான் தெரியாமல் செய்தேன், கேட்டதும் ஒப்புக்கொண்டேன். அவன் செய்த தப்புக்கு இவள் மார்க்கு போக வேண்டும், அது போதாதென்று தண்டனை மார்க்கும் குறைய வேண்டும்.

ஆட்சேபம் போடப் பணம் கட்ட வேண்டுமாம். தப்பு அவர்களுடையது, பணம் நம்முடையது. விபா கட்டினாள். அரைப் பக்கத்தில் காரணம் எழுதினாள். திவாகர் சாரிடம் கையெழுத்து கேட்டுப் போனாள், கோச்சிங் பேர் இருந்தால் மதிப்பார்கள் என்று.

"ஆணையம் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ ஆணையத்துக்கே ரீசனிங் சொல்லிக் குடுக்கப் போறியா?" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கேள்வியில் குழப்பம் இருப்பதால் எல்லாருக்கும் அந்த மார்க்கு. சரியாய் எழுதினவளுக்கும் மார்க்கு, தப்பாய் எழுதினவனுக்கும் மார்க்கு, தொடாதவனுக்கும் மார்க்கு. தங்கள் தப்பைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, அதற்குப் 'குழப்பம்' என்று பேர் வைத்தார்கள். விடையைத் திருத்தியிருந்தால் தப்பாய் எழுதினவர்கள் இறங்கியிருப்பார்கள், இவள் உள்ளே போயிருப்பாள். ஒரே ஒரு மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து வெளியே நின்றாள்.

மறுநாள் மைக்கில் திவாகர் சார்: "நம்ம கோச்சிங் போராடி வாங்கிக் குடுத்த மார்க்கு இது."

இந்தத் தடவை விபா என்னை இழுக்க வரவில்லை. அவளே போனாள். கூடத்து நடுவில் நின்று, மைக் இல்லாமலே பேசினாள். சந்துக்கே கேட்டது.

"சார், ஆட்சேபம் போட்டது நான். கையெழுத்து போட மாட்டேன்னது நீங்க. இது ரெண்டையும் வச்சு, போராடினது யாருன்னு விடை சொல்லுங்க. நாலாவது விடை கிடையாது."

அன்றைக்கும் முந்நூறு பேர் சிரித்தார்கள். அவளைப் பார்த்து இல்லை.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ஆணையத்தின் தப்பையும் எழுதி வைத்தாள், கீழே காரணத்தோடு. பிறகு நீதிமன்ற எழுத்தர் தேர்வுக்குப் போட்டாள். அதில் பெண்களுக்கு நாற்பது வயதுவரை இடமுண்டு. இரண்டாம் தடவையில் வந்துவிட்டாள். ஆனாலும் அந்த மூன்றில் ஒரு பங்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

விபா இப்போது சமஸ்திபூர் மாவட்ட நீதிமன்றத்தில், நகல் பிரிவில் எழுத்தராக இருக்கிறாள்.