தொண்ணூறும் அறுபதும்

என் மேசைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க ஓர் ஈயக்குண்டு வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியது, உச்சியில் நூல் கட்ட ஒரு வளையம். மயிலாப்பூரில் நாங்கள் கூட்டுக்குடும்பமாக இருந்த வீட்டில், கூடத்து நிலையில் அடித்த ஆணியிலிருந்து இது ஊசலாகத் தொங்கியது. 1934-ஆம் ஆண்டு, பவ வருஷம், ஐப்பசி மாதம். மாதம் வரை உறுதியாகச் சொல்வேன், தேதி தெரியாது. எதற்கும் தேதி குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஊசலைக் கட்டியது அண்ணாவுக்காக. பெரியப்பாவின் பிள்ளை, என்னைவிடச் சில மாதங்களே மூத்தவன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. பெரியப்பா வீட்டிலேயே பையன்களுக்கு வேதம் சொல்லிவைப்பவர். அவர் ஒருமுறை சொல்ல, பையன்கள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். சந்தை என்று அதற்குப் பெயர். பூணூல் போட்ட நாள் முதல் அண்ணா அதில் உட்கார்ந்தவன். ஓர் எழுத்தோ ஏற்ற இறக்கமோ அவனுக்குத் தவறி நான் கேட்டதில்லை. பள்ளிப் பாடங்களையும் அப்படியே படித்தான். “ஒரு தரம் சொல்லிடு, பிடிச்சுண்டுடறேன்” என்பது எதற்கும் அவன் சொல்லும் வார்த்தை. சரித்திரமும் ஆங்கிலச் செய்யுளும் அவன் வாயிலிருந்து அருவியாகக் கொட்டும். இப்படிப்பட்ட பிள்ளை கிண்டியில் படித்து இன்ஜினீயராக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். விருப்பப் பாடமாகப் பௌதிகம் எடுத்தது அதனால்தான்.

ஐந்தாம் பாரம் வரை பௌதிகம் வரையறைகளும் விளக்கங்களுமாகவே இருந்தது. அவன்தான் வகுப்பில் முதல். ஆறாம் பாரத்தில் புதிதாக வந்த பௌதிக வாத்தியார் எல்லாவற்றையும் கணக்காக்கினார். ஒரு சூத்திரத்தைப் பலகையில் முதல் வரியிலிருந்து வருவித்த பிறகே அதைத் தொடுவார். பரீட்சையில் புத்தகத்தின் எண்களைக் கொடுக்கவே மாட்டார். “நம்பரை மாத்தினதும் முழிக்கிறவன் பௌதிகம் படிக்கலை, பாட்டுப் படிக்கிறான்” என்பார். வகுப்பு சிரிக்கும். அண்ணாவும் சிரிப்பான், யாரையோ சொல்வது போல. அவனுக்கு மதிப்பெண் சரிந்தது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன் நான் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் நீளத்திலிருந்து ஊசல் ஒருமுறை போய்வரும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று காட்டப் பார்த்தேன். அவன் குண்டைப் பார்க்கவேயில்லை; என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஆட்டறதெல்லாம் எதுக்குடா? புஸ்தகத்துல போட்டிருக்கிற கணக்கைச் சொல்லு, போறும்.”

பரீட்சையில் ஊசல் கணக்கு வந்தது. வாத்தியார் கொடுத்த நீளம் நூற்றிருபது சென்டிமீட்டர். அண்ணா தயங்காமல் புத்தகக் கணக்கை எழுதினான். தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த அவனுக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் நீளம் தொண்ணூறு. அச்சகத்தில் யாரோ ஒன்பதைத் தலைகீழாகக் கோத்ததால் மூன்றாம் வரியில் மட்டும் அது அறுபதாகியிருந்தது. விடையோ தொண்ணூறுக்கு உரியது. அண்ணாவின் தாளிலும் முதலில் தொண்ணூறு, மூன்றாம் வரியில் அறுபது, பிறகு அதே விடை. சொந்தமாகப் போட்ட எவனுக்கும் அந்த அறுபது வர வழியில்லை. மடியில் புத்தகம் இருந்திருக்க வேண்டும் என்று வாத்தியார் முடிவுகட்டினார். காப்பியடித்தவன் பெயர் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் போகாது என்றார் தலைமையாசிரியர்.

பக்கத்தில் உட்கார்ந்தவன் என்பதால் என்னையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். புத்தகப் பைகள் எல்லாம் வாசலில் இருந்தன என்றேன். ஒரே வீட்டுப் பையன் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? அப்போது அண்ணா, “புஸ்தகத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ ஸார், நான் சொல்றேன்” என்றான்.

கைகளைக் கட்டிக்கொண்டு கண்களை மூடி, அந்த அத்தியாயத்தின் முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தான். ஆங்கிலம்தான். ஆனால் குரல் சந்தையில் போலவே ஏறி இறங்கியது. வர்க்கமூலத்துக்கு ஓர் ஏற்றம், சமக்குறிக்கு ஓர் இறக்கம். வாத்தியாரின் விரல் பக்கத்தில் ஊர்ந்துகொண்டே வந்தது. அறுபது வந்தது, அவன் நிற்கவில்லை. தலைமையாசிரியர் போதும் என்று கையை உயர்த்தினார். கண் மூடியிருந்தவனுக்கு அது தெரியவில்லை. அடுத்த கணக்குக்குள் போய்விட்டான். வாசலில் நின்ற பியூன் என்னைப் பார்த்து, “இன்னா நைனா, சாமி இஸ்கோல்ல வந்து மந்திரம் ஓதிக்கினு கீறாரு” என்றான். தலைமையாசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணா கண்ணைத் திறந்தான்.

வாத்தியார் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினார். “நீ காப்பியடிக்கலை. சந்தேகப்பட்டது என் தப்பு. ஆனா தம்பி, தொண்ணூறு எப்படி அறுபதாச்சுன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா?”

“புஸ்தகத்துல அப்படித்தானே ஸார் இருக்கு.”

அவன் பெயரைப் பரீட்சைக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோயில் குளக்கரையில் அவன் நின்று, “நான் ஒரு எழுத்துகூட மாத்தலையேடா” என்றான். எங்கள் வீட்டில் ஓர் எழுத்தை மாற்றுவது பாவம். அந்த அறையில் மாற்றாததே குற்றமாயிருந்தது. பிற்காலத்தில் கல்வியைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். வாத்தியார் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தச் சரியான சொல் அவனை என்ன செய்தது என்பதைப் பங்குனியில் பார்த்தேன்.

அறுபத்துமூவர் உற்சவத்தன்று சுவாமிக்குப் பின்னால் வேதகோஷ்டி போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு அடுத்தாற்போல் அண்ணா. தெற்கு மாடவீதி திரும்பும்போது அவன் குரல் நின்றது. உதடு அசையவில்லை. பெரியப்பா திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓதினார். அவன் வரிசையை விட்டு விலகிக் கூட்டத்தோடு நின்றுகொண்டான். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கேட்டபோது, “நடுவுல ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தோணித்துப்பா. அதுக்கப்புறம் வரலை” என்றான். அதையெல்லாம் யோசிக்கப்படாது என்றார் அவர். யோசிக்காமலிருக்க அதன்பின் அவனால் முடியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்களின் எண்கள் வெளியான கெஜட்டில் அவன் எண்ணும் வரவில்லை. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் எழுத்து வேலைக்குப் போனான். மறுபடி சந்தையில் உட்காரவே இல்லை. பெரியப்பாவும் காலமாகும்வரை அவனைக் கூப்பிடவில்லை.

என் அடையாறு வீட்டுக்கு அவன் கடைசியாக வந்தபோது மேசையிலிருந்த குண்டைக் கையிலெடுத்து நூல் கேட்டான். அவனே ஜன்னல் கம்பியில் கட்டி ஆட்டிவிட்டான். நூலைக் குறைத்தான், குண்டு அவசரப்பட்டது. நீட்டினான், நிதானித்தது. “இவ்வளவுதானா?” என்றான். பிறகு குண்டு போய்வருவதை எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கை போகப்போக, குரல் பழைய படியே ஏறி இறங்கத் தொடங்கியது. அந்த ஏற்ற இறக்கம் அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

குண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.