இரண்டு கறுப்புப் பேனாக்கள்

கிள்ளானில் அந்த முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குள் அம்மாவோடு நுழைந்ததும், தரை மெழுகின் வாசனை மூக்கில் ஏறியது. இருபது வருடங்களுக்கு முன்பே அருங்காட்சியகமாகிவிட்ட இந்த வீட்டை அந்நாளில் துடைத்துக்கொண்டிருந்தவள் அம்மா.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி விடுமுறை என்று என்னையும் அழைத்து வந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதற்காக அவள் எடுத்து அடுக்கியிருந்த பெயர் அட்டைகளை நான் விளையாட்டாகக் கலைத்துவிட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வரிசையை வைத்துத்தான் எது எங்கே என்று நினைவில் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் சூப்பர்வைசரின் கார் வந்து நின்றது.

“என் வேலை போச்சுடி. நீதான ஸ்கூலுக்குப் போற, படிச்சுப் பாரு லா.”

மலாய் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, தொப்பி. கடைசியில் இரண்டு பேனாக்கள் மிஞ்சின. ஓர் அட்டையில் ‘பரிசாக வந்தது’, மற்றதில் ‘தினமும் எழுதியது’. பேனாக்களோ ஒரே மாதிரிக் கறுப்பு. காலணிச் சத்தம் படியேறியது.

“எது எதுடி?”

“இதுதாம்மா,” என்று வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் பெட்டியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் படிப்பு தன் வேலையைக் காப்பாற்றிய கதையை அம்மா நாங்கள் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

இன்று வழிகாட்டி ஒரு பேனாவைக் காட்டி, அமைச்சர் தினமும் எழுதியது இதில்தான் என்றார். அட்டைகள் நான் வைத்த இடத்திலேயே இருந்தன.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். “அன்னைக்குச் சரியாதான வெச்ச?”

“சரியாதாம்மா வெச்சேன்,” என்றேன், அன்றைய அதே குரலில்.