வரப்பு வழக்கில் ஐயா கேட்ட கேள்வி

வக்கீலய்யா டில்லியில் இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ராமசுப்பு. செல்போனில் கேட்ட கையோடு, தன் பருத்திக்காட்டு வரப்பு வழியாகவே எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார். “ஏலே மாடசாமி, வக்கீலண்ணன் போயிட்டாகலே” என்றார். அந்த வரப்பில் அவர் வந்ததே ஐயாவுக்குச் செய்த மரியாதை. எனக்கு எழுத்துத் தெரியாது. ஐயாவின் நினைவு மலருக்காக நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

ஆமத்தூரில் பிறந்து, சட்டம் படித்து, கனமான புத்தகங்கள் எழுதி, வெளிநாடுகளில் நம் அரசாங்கத்துக்காகப் பேசியவர், மந்திரிகளுக்கு யோசனை சொன்னவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரு காலைப்பொழுது.

ஒரு வருஷம் ராமசுப்பு அந்த வரப்பை முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். எங்கள் தெரு ஆட்களை வேலைக்கு ஏற்றிப் போகும் எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி வேன் வரப்புக்கு அந்தப் பக்கத்து ரோட்டில்தான் நிற்கும். சுற்றிப் போனால் வேன் போய்விடும். அன்றைய வேலையும் போய்விடும். தீபாவளி சீசன் வேறு. ஊருக்கு வந்திருந்த ஐயாவிடம் போனோம். ராமசுப்பு அவருக்குச் சித்தப்பா மகன் என்பதால் எங்களுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

ஐயா ராமசுப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சட்டம் எதுவும் பேசவில்லை. “மாடசாமி, நீங்க ராமசுப்புவா இருந்து பேசுங்க. ராமசுப்பு, நீ மாடசாமியா இருந்து பேசுலே” என்றார். கூட்டம் சிரித்தது.

நான் மீசையை முறுக்கி, “என் காட்டுல எவன்லே நடக்கறது?” என்றேன்.

“அது அவன் கோவம். அவனுக்கு என்ன பயம்? அதைச் சொல்லுங்க.”

தெரியவில்லை. ராமசுப்பிடமே கேட்டேன். “இன்னைக்கு வரப்பும்பீக, நாளைக்குப் பாதைம்பீக. ரோடு போட்டுட்டா என் காடு ரெண்டு துண்டாப் போகும்லே” என்றார். அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவர் முறை வந்தது. “ஒரு வேன் போனா அடுத்த வேன்ல...” என்று ஆரம்பித்தார்.

“அடுத்த வேனா? ஒங்க மாமனாரா விடுதாரு?” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

ராமசுப்பு என் பக்கம் திரும்பினார். “ஒரே வேன்தானாலே?”

அன்று மாலையே வேலியில் ஆள் நுழைய இடம் விட்டார். நடக்க மட்டும்தான், பாதை என்று உரிமை கேட்பதில்லை என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

பிறகு ஐயாவிடம் கேட்டேன். “வெளிநாட்டுலயும் இப்படித்தானா?”

“அங்கனயும் வரப்புத் தகராறுதான். நாற்காலிதான் பெருசு.”

“மாத்திப் பேசச் சொன்னா பேசுவாகளா?”

“மாட்டாக. அதான் தீர அம்புட்டு வருஷம் ஆகுது.”

செய்தி சொன்ன ராமசுப்பு என் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “எல்லார் பயத்தையும் கேட்டாக. அவுகளுக்கு என்ன பயம்னு ஒனக்குத் தெரியுமாலே?”

“நீங்க தம்பியாச்சே, ஒங்களுக்குத் தெரியாதா?”

“நானும் கேக்கலயே.”

ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். உங்களில் யாராவது அவரிடம் அதைக் கேட்டிருந்தால், வந்து சொல்லுங்கள். வரப்பு திறந்துதான் இருக்கிறது.