இரண்டாம் பொனவெந்தூர்

1955 செப்டம்பர் எட்டு, வியாழக்கிழமை, மாதா பிறந்தநாள். அன்று காலை மேயோ மாவட்டத்துக் கடலோர வீட்டிலிருந்து பிரீஜ் கவகன் கன்னியர் மடத்துக்குக் கிளம்பினாள். வயது பதினெட்டு. பக்கத்து வீட்டுக்காரரின் கார் எஞ்சின் அணையாமல் காத்திருந்தது. அவள் விடைபெறத் திரும்பிய நேரம் பார்த்துக் கன்று பட்டியை உடைத்துக்கொண்டு ஓட, அம்மா அதைப் பிடிக்க ஓடினாள். பிரீஜ் கடைசியாகப் பார்த்தது அம்மாவின் முதுகைத்தான்.

மடத்தில் ஒரு சிஸ்டர் இறந்தால் அவர் பெயர் வீணாகாது. அடுத்து கன்னியர் உடுப்பு தரிக்கும் பெண்ணுக்குப் போகும். 1956 பிப்ரவரியில் கிழவி சிஸ்டர் பொனவெந்தூர் கண்ணை மூடினார். மார்ச்சில் பிரீஜ், சிஸ்டர் பொனவெந்தூர் ஆனாள். பெயரோடு கிழவியின் சாப்பாட்டு மேசை இடமும் வந்தது. அந்த டிசம்பரில் நெஞ்சுச்சளி முற்றி அம்மா போய்ச் சேர்ந்தாள். பயிற்சியில் இருக்கிறவர்கள் சாவுக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. மடத்துத் தலைவி மதர் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, பாதியில் விட்ட பாத்திரங்களைத் துலக்கப் போனாள்.

பிறகு நாற்பது வருஷம் குழந்தைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். மேயோ கால்பந்து அணி தோற்கும்போதெல்லாம் ஜெபமாலையை மேசைமேல் ஓங்கி வைத்தார். வேறு குறை சொல்லி யாரும் கேட்டதில்லை.

எண்பத்தைந்தாம் வயதில் பார்வையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு விழுந்தது. வசந்த காலத்துக்குள் அது முகங்களை விழுங்கிவிடும் என்றார் டாக்டர். அப்போதுதான் சிஸ்டருக்குப் பயம் பிடித்தது. அம்மாவின் முகம் ஞாபகத்தில் இல்லை. அந்த முதுகு இருந்தது, குரல் இருந்தது, முகம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. வீட்டில் யாரிடமும் கேமரா இருந்ததில்லை. மிச்சம் ஒரே இடம்தான்: மடத்தின் ஆவண அறை.

அந்த அறையின் காகிதங்களை ஒழுங்குபடுத்தச் செவ்வாயும் வெள்ளியும் வருகிறவள் அட்ராக்டா மல்வி. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வுபெற்றவள்.

"உடுப்பு தரிச்ச அன்னைக்கு வாசல்ல யாரோ படம் எடுத்தாங்க. எங்கம்மா வந்திருந்தாலும் என்னைப் பாக்க விட்டிருக்க மாட்டாங்க, ஆனா அதுல இருந்தாலும் இருப்பா. தேடிப் பாரேன்" என்றார் சிஸ்டர்.

"அறுபத்தாறு வருஷமா சும்மா இருந்துட்டு, நான் டீ ஊத்துற நேரம் பாத்துத்தான் உங்களுக்கு அவசரமா?"

"கண்ணு அவசரப்படுது, நான் என்ன பண்ண?"

அட்ராக்டா டீயை வைத்துவிட்டு எழுந்தாள்.

நாலு வாரம் தேடினாள். அட்டைப் பெட்டிகளில் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய சிஸ்டர்களும், பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டிக் கணக்கும், கண்ணாடி நெகட்டிவ் தகடுகளில் தலைகீழ் வெளிச்சத்தில் நூறு வருஷத்துக்கு முந்திய பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள். வாசல் படமும் கிடைத்தது. அதில் தொப்பி போட்ட பெண் ஒருத்தி காற்றுக்காக முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தாள்; ஒரு காது மட்டும் தெரிந்தது.

"இதுவா இருக்குமோ?" என்றாள் அட்ராக்டா.

"காது எங்கம்மா காது. காதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யுறது, போ."

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை அட்ராக்டா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கையில் பழுப்பு உறை ஒன்று. சிஸ்டருக்கு அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"பழைய பொனவெந்தூர் சிஸ்டர் செத்தது எப்போ?"

"ஐம்பத்தாறு பிப்ரவரி. ஏன்?"

"அவங்க காகிதக் கட்டுல இது இருக்கு. தபால் முத்திரை அதே வருஷம் டிசம்பர் பதினொண்ணு. செத்துப் பத்து மாசம் ஆனவங்களுக்கு மேயோலேருந்து யாரு எழுதுவா?"

சிஸ்டர் உறைக்குக் கை நீட்டினார். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் பயிற்சிப் பெண்களுக்குக் கடிதம் கொடுக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் வரை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும். யாரோ ஒருவர் உறைமேல் பொனவெந்தூர் என்ற பெயரைப் பார்த்து, பழக்க தோஷத்தில் இறந்தவரின் காகிதக் கட்டோடு சேர்த்துவிட்டார்.

"நீ பிரிச்சியா?"

"முறைப்படி நான் பிரிச்சு எண் போடணும். ஆனா இது ஆவண அறைக்கு வந்ததில்ல சிஸ்டர். உங்களுக்கு வந்த தபால்."

சிஸ்டர் விரலால் பசையை நெருடினார். அறுபத்தாறு வருஷத்துப் பசை சருகு மாதிரி உடைந்தது. உள்ளே மடித்த தாளும், விறைப்பாக ஒரு அட்டையும். அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கி, சாம்பல் பொட்டு படாமல் கடைக்கண்ணால் பார்க்கத் தலையைச் சாய்த்தார்.

ஒரு பெண் நேராக அவரைப் பார்த்தாள். அகன்ற நெற்றி, இடது புருவத்தில் ஒரு தழும்பு. நாற்பத்தாறு வயது இருக்கும். தன்னைவிட எத்தனை இளையவள். மகளாக இருக்கலாம், மகளுக்கும் தங்கையாக இருக்கலாம். இத்தனை காலம் இருட்டுப் பெட்டிக்குள் இமைக்காமல் இருந்திருக்கிறாள். மணி அடித்தது, ஜெபத்துக்குக் காலடிகள் போயின, சிஸ்டர் அசையவில்லை. அட்ராக்டா தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தழும்பை மறந்தே போயிட்டேன்" என்றார் சிஸ்டர். "லெட்டரை நீ படி. எழுத்துக்கெல்லாம் இந்தக் கண்ணைச் செலவழிக்க மாட்டேன்."

அட்ராக்டா தாளை விரித்தாள்.

"பிரீஜ், சந்தைக்குப் போன இடத்துல உனக்காகப் படம் புடிச்சேன். வாயை மூடிக்கிட்டு இருன்னான் அந்த ஆளு, அதான் நான் மாதிரியே இல்ல. இருமல் இன்னும் விட்டபாடில்ல. அங்க குளிரா இருந்தா ரெண்டு காலுறை போட்டுக்கோ. பதில் எழுத விட மாட்டாங்கன்னு பங்குச் சாமியார் சொன்னாரு. பரவால்ல. படத்தைப் பாத்துட்டு நீ சிரிச்சா எனக்குப் போதும்."