சுஜூதில் கிடந்த அந்த அஸர்

2007 ரமலான். ஓசூரில் எங்கள் வீட்டில் மாலை நேர அஸர் தொழுதுகொண்டிருந்தேன். சுஜூதில் தரையில் நெற்றியை வைத்தவளால் எழ முடியவில்லை. கால் இரண்டும் மரத்துக் கிடந்தன. பக்கத்தில் தொழுத நாத்தனார் ஷாஹிதா, மதினி உருகி துஆ கேட்கிறாள் என்று பொறுமையாகக் காத்திருந்தாளாம்! என் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் ஓடி வந்து தூக்கினாள்.

சகோதரிகளே, எனக்கு எச்.ஐ.வி. உண்டு. ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிப் போய் விற்ற என் கணவர் அந்த நோயில்தான் மவுத்தானார். டி.பி. என்று சொல்லி மறைத்தோம். ஓசூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று, மாத்திரைக்கு எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் போவேன். வீட்டில் "துணி எடுக்கப் போறேன்" என்பேன். நோன்பு திறந்ததும் எல்லோரும் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் சொந்த ஊரான தென்காசிப் பக்கத்து வழக்கம். நான் மட்டும் "வயிறு சரியில்ல" என்று தனித்தட்டு எடுத்துக்கொள்வேன். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று நர்ஸ் சொல்லியும் மனசு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுநாளே கைகளும் விழுந்தன. முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். ஆனாலும் குழம்பினார்.

"அந்த நோயில முதுகு நீர்ல இவ்வளவு செல் வராதேம்மா. வேற ஏதாவது வியாதி இருக்கா?"

ஷாஹிதா பக்கத்திலேயே நின்றாள். இல்லை என்று தலையாட்டினேன். உயிர் போகிற நேரத்திலும் எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது, பாருங்கள்.

அதுவரை "யா அல்லாஹ், யாருக்கும் தெரியாமல் காப்பாற்று" என்றே கேட்டு வந்தேன். மூச்சு திணறத் தொடங்கியதும் "யா அல்லாஹ், என்னைச் சொல்ல வை" என்று கேட்டேன். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"டாக்டர், இவங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கு. கர்நாடகாவுல மாத்திரை வாங்குதாங்க" என்றாள் ஷாஹிதா.

டாக்டருக்குக் குழப்பம் தீர்ந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த நோய் வந்தால் அந்த நீரில் செல் கூடுதலாகத்தான் இருக்குமாம். உடனே நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். முதலில் மூச்சு சீரானது. மாதக்கணக்கில் கிடந்த பிறகே கை, கால்கள் அசைந்தன. என் துஆ அவள் வாய் வழியாகக் கபூலாகி நிறைவேறியது. அல்ஹம்துலில்லாஹ்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அழுதேன்.

"மவுத்துக்கு முன்னாடியே அண்ணன் சொல்லிட்டான் மதினி. அவளா சொல்லட்டும், நீ கேக்காதன்னான். துணி எடுக்கன்னு கர்நாடகா போயிட்டு வந்த உங்க பையில மாத்திரையையும் பாத்தேன். ஒவ்வொரு நோன்பு திறக்கையிலயும் நீங்க சொல்லணும்னுதான் துஆ கேட்டேன்."

ஐயோ, எத்தனை ரமலானை அந்தத் தனித்தட்டில் வீணாக்கினேன்! காலம் தாழ்த்தாமல் வெளியே சொல்லியிருந்தால் என் கணவருக்கும் மருந்து கிடைத்திருக்குமோ என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த நாட்கள் திரும்பாது. நோயை மறைத்துத் தவிக்கும் சகோதரியே, ரப்பாகிய இறைவனிடம் கேள். அவன் உன் பக்கத்திலேயே வைத்திருக்கும் ஆளிடம் வாயைத் திற.

இப்போதும் என் கால்களில் முழு பலமில்லை, நாற்காலியில்தான் தொழுகிறேன். ஆனால் நோன்பு திறந்ததும் சஹனில்தான் சாப்பாடு. ஷாஹிதா கறித்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "வயிறு சரியில்லன்னு சொல்லிப் பாருங்க, அடிதான்" என்பாள்.