மூத்தாரின் குதிரைகள்

ஜுமகாதிரின் பெயரை அந்தப் பள்ளத்தாக்கில் சொல்லாதவர் இல்லை. குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலைக் குடிக்க வண்டியை நிறுத்துகிறவர்கள் சொல்வார்கள். அத்-பாஷி சந்தையில் குதிரைத் தரகர்கள் சொல்வார்கள். சொல்லாதவள் ஒருத்திதான், அவர் தம்பி இஷேனின் மனைவி புருல். மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டுப் பெரியவர்களைப் பெயர் சொல்லக்கூடாது. சொன்னால் அவளைப் பெற்றவர்களைத்தான் ஊர் பேசும். அதனால் புருலுக்கு அவர் "மேல்வீட்டுக்காரர்". கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய பிறகும், அப்படித்தான்.

புருல் கோச்கோர் பக்கத்துப் பெண். அப்பா எசென்கான், அவருடைய அப்பா தொக்தோர், இரண்டு பேருமே கூட்டுப்பண்ணைக் காலத்தில் ஆடு மேய்த்தவர்கள். அம்மா வழியில் சால்பர் என்றொரு தாய்மாமன் இருந்தார். பல்லைப் பார்க்காமலே ஆட்டின் வயதைச் சொல்வார். சொன்னதில் பாதி தப்பாக இருக்கும், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த வம்சத்திலேயே வாயடக்கம் யாருக்கும் கிடையாது, இந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படியோ வாய்த்திருக்கிறது என்று கல்யாணத்தன்று சம்பந்திகள் மெச்சிக்கொண்டார்கள். மெச்சியவர்கள் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. இருக்கிறவர்கள் மெச்சுவதில்லை.

ஊருக்கு மேலே சிவப்புச் சரிவு இருக்கிறது. கூட்டுப்பண்ணை கலைந்த பிறகு பக்கத்தில் இருக்கிறதே என்று எல்லாரும் எல்லாவற்றையும் அங்கேதான் ஓட்டினார்கள். வேர் வரைக்கும் மேய்ந்து தீர்த்தார்கள். மழை பெய்தால் சிவப்புத் தண்ணீர் வாசல் வரை வரும். அதைக் குத்தகைக்குக் கேட்க ஆளில்லாததால்தான் மேய்ச்சல் குழு புருலுக்குக் கொடுத்தது. கொடுத்த அன்று சிரித்தும் அனுப்பினார்கள்.

அவள் செய்தது இதுதான். இளவேனிலில் ஆட்டை மலைக்கு ஏற்றும் முன்பும் பனிக்கு முந்தி இறக்கிய பின்பும், மண் எங்கே மொட்டையாகக் கிடக்கிறதோ அங்கே கிடை போட்டாள். சில ராத்திரி ஓரிடம், அப்புறம் பத்தடி தள்ளி அடுத்த இடம். புழுக்கையும் மூத்திரமும் குளம்பில் மிதிபட்டு மண்ணுக்குள் இறங்கின. கோடை முழுக்க ஒரு வாய் அதில் படவிடவில்லை. இரண்டாம் வருஷம் பச்சை தெரிந்தது. நான்காம் வருஷம் முழங்கால் உயரம் புல் நின்றது, சிவப்புத் தண்ணீரும் நின்றுபோனது.

மலை மேலே கோடை மேய்ச்சலிலும் அதே கறார்தான். புல் பாதியாவதற்குள் மந்தையை நகர்த்திவிடுவாள். மேய்ந்த இடத்துக்கு அது தேறும்வரை திரும்ப மாட்டாள். இலையுதிர் காலத்தில் மந்தை இறங்கி வரும்போது சிவப்புச் சரிவில் புல் நின்றபடியே காய்ந்து காத்திருக்கும். கிடா சேர்க்கும் முன் ஆடுகள் அதைத் தின்று கொழுக்கும், அடுத்த வசந்தத்தில் இரட்டைக் குட்டி போடும். ஊரார் ஆடுகளைக் கூலிக்கு மேய்க்கிறவர்களில் அவள்தான் அதிகம் கேட்டாள். கேட்டதைக் கொடுத்து ஆட்டை ஓட்டி வந்து விட்டார்கள். அந்த லாபத்தில்தான் பெண்கள் இரண்டு பேரும் பிஷ்கெக்கில் படித்தார்கள், பழைய லாரி ஒன்று வாசலில் நின்றது.

நிற்கிற புல் ஜுமகாதிரின் கண்ணை உறுத்தியது.

அவருக்குப் பெட்டைக் குதிரைகள் நிறைய. மலைக்கு ஓட்ட மாட்டார். சாலையோரம் கூடாரம் போட்டு, சீனத்து எல்லைக்குப் போகிற லாரிக்காரர்களுக்குக் குமிஸ் விற்பார். குட்டிகளைக் கூடாரத்தருகே கயிற்றில் கட்டி வைத்தால் தாய்க்குதிரைகள் தூரம் போகாது. பக்கத்தில் இருந்தது சிவப்புச் சரிவுதான். போன வருஷம் புருல் மலையில் இருந்தபோது குதிரைகளை அதில் ஏற்றிவிட்டார். அவள் இறங்கி வந்தபோது வழித்த தட்டு மாதிரி கிடந்தது சரிவு.

மேய்ச்சல் குழுவில் முறையிட்டாள். குழுத் தலைவர் துர்சுனாலி, ஜுமகாதிரோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஜுமகாதிரின் குமிஸைக் குடித்தே உடம்பை வளர்த்தவர், மெதுவாகக் கேட்டார்.

"யார் குதிரைம்மா?"

"மேல்வீட்டுக்காரர் குதிரை."

"ஊரே சரிவுலதான இருக்கு, முக்கால்வாசி மேல்வீடுதான். யாருன்னு எழுதுறது? புகார் சொல்றவங்க சபையில பேர் சொல்லணும், அதான் விதி."

சபை சிரித்தது. தெரியாதவர் ஒருவர் இல்லை அங்கே. தெரிந்துதான் சிரித்தார்கள். அவள் வாய் திறக்காது என்று அவளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஷேன் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க வாய்க்கு என்ன வந்துச்சு?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"அவரு என்னைத் தோள்ல தூக்கி வளத்தவரு, புருல்."

"குதிரைங்களையும் தோள்ல தூக்கிக்கச் சொல்லுங்க. என் புல்லுல ஏன் விடுறாரு?"

அந்தக் குளிரில் வைக்கோல் வாங்கியே வருஷத்து லாபம் கரைந்தது. வசந்தத்தில் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான். மூன்று வீட்டார் ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். இன்னொரு வருஷம் இப்படிப் போனால் மந்தையே கலைந்துவிடும்.

இந்த வருஷம் ஆகஸ்டில், மாவும் தேயிலையும் வாங்க மலையிலிருந்து இறங்கினாள். சரிவின் கீழ்ப்பாதியில் குதிரைகள் நின்றன. தன் குதிரையை விட்டு இறங்காமல் நேராகக் கூடாரத்துக்குப் போனாள். ஒரு லாரிக்காரன் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"பெரியவரே, உங்க குதிரைங்க சரிவுல நிக்குது."

"நிக்கட்டும் மருமகளே. நின்னா அதுங்களுக்குக் கால் வலிக்குமா?"

"ஆடு இறங்கி வந்தா திங்கிறதுக்கு விட்டு வச்ச புல்லு அது."

"புல்லை எவளாவது விட்டு வைப்பாளா? பாலாடையா அது, மூடி வைக்க? கோடை பூரா சும்மா நிக்குது."

"சும்மா நிக்கல. வேர் இறக்குது."

லாரிக்காரன் சிரித்தான். "உங்க வீட்டுப் பொண்ணு புல்லுக்கு வைத்தியம் பாக்குதா அண்ணே?"

"தாலாட்டும் பாடுவா, நீ கேட்டதில்ல" என்று ஜுமகாதிர் கிண்ணத்தை நிரப்பி நீட்டினார். "குடி மருமகளே, முகம் வத்திக் கிடக்கு."

நீட்டிய குமிஸை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வாங்கிக் குடித்தாள். புளிப்பாக, நல்ல கொழுப்போடு இருந்தது. கிண்ணத்தில் இருப்பது தன் புல்தான் என்று தெரிந்தே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவர் கொடுக்கிறவர், இவள் வாங்கிக் குடிக்கிறவள். தன் மந்தையின் குளிர்காலத்தையே தனக்கு உபசாரம் செய்கிறார் மனிதர், பக்கத்தில் ஒருத்தன் சிரிக்கிறான். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் புளிப்பு தொண்டையை விட்டு இறங்கவில்லை.

மாவு வாங்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம் பள்ளிக்கூட மண்டபத்தில் குழு கூடியது. இஷேனும் ஊரில்தான் இருந்தான், லாரிக்கு டயர் மாற்ற வந்தவன். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஜுமகாதிரும் கூடாரத்தை விட்டு வந்து, முன்வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார்; அவர் மனைவி, புருலின் ஓரகத்தி சைராகுல், பின்னால் பெண்களோடு இருந்தாள்.

"சரிவுல மறுபடியும் குதிரை" என்றாள் புருல்.

துர்சுனாலி பேனாவை எடுத்தார், சிரிப்பை மறைக்கக்கூட இல்லை. "யார் குதிரைன்னு பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"உங்களுக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

"பேர் சொல்லாதேன்னு ஒரு விதி. சொன்னாத்தான் நியாயம்னு ஒரு விதி. ரெண்டும் எனக்கு மட்டும்தான். புல்லைத் திங்காதேன்னு ஒரு விதி, அது யாருக்கும் இல்ல. அப்படித்தான?"

சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. புருல் கணவனைப் பார்த்தாள். இஷேன் பூட்ஸ் நுனியைப் பார்த்தான். அவள் திரும்பிக்கொண்டாள்.

"எழுதுங்க" என்றாள். "ஜுமகாதிர்."

துர்சுனாலியின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றது.

"காது கேக்கலையா? ஜுமகாதிர். அலிம்பெக் மகன் ஜுமகாதிர்." மாமனார் பெயரும் சேர்ந்தே வந்துவிட்டது. "என் புல்லைத் தின்னது ஜுமகாதிர் குதிரைங்க. போன வருஷமும் ஜுமகாதிர், இந்த வருஷமும் ஜுமகாதிர்."

ஜுமகாதிரின் தொப்பி தரையில் விழுந்தது. "தம்பி," என்றார் இஷேனிடம், "உன் வீட்டுல என்னப்பா இது?"

இஷேன் தொப்பியை எடுத்து அண்ணன் முழங்காலில் வைத்தான். அப்புறம், "எழுதிடுங்க தலைவரே," என்றான், பூட்ஸைப் பார்த்துக்கொண்டே.

பெயர் சபையில் சொல்லப்பட்டுவிட்டது. எழுதாமல் இருக்க வழியில்லை, எழுதிய பிறகு குதிரைகளை இறக்கச் சொல்லாமல் இருக்கவும் வழியில்லை. அன்று மாலைக்குள் குதிரைகள் சரிவை விட்டு இறங்கின. மேல்பாதிப் புல் தப்பியது. ஆடுகள் வந்தபோது அது போதுமானதாக இல்லை, ஆனால் மந்தை கலையவில்லை. தின்னப்பட்ட கீழ்ப்பாதியில் புருல் மறுபடியும் முதலிலிருந்து கிடை போட ஆரம்பித்தாள்.

ஊர் என்ன பேசியது தெரியுமா? இரண்டு கோடை ஒருத்தியின் புல்லில் ஒருவர் திருட்டுத்தனமாகக் குதிரைகளை மேயவிட்டதை யாரும் பேசவில்லை. ஒரு பெயர் ஒரு வாயிலிருந்து வந்ததைப் பள்ளத்தாக்கு முழுக்கப் பேசினார்கள். எசென்கான் மகளை அப்படித்தான் வளர்த்தானா என்றார்கள். வாயைக் கழுவு என்று சைராகுல் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். விருந்துகளில் புருலுக்குக் கடைசியில் தேநீர் வந்தது, சில வீடுகளில் வரவேயில்லை. திருப்பி ஓட்டிப் போனவர்களில் இரண்டு வீட்டார் மட்டும் வெட்கமில்லாமல் ஆடுகளை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். அவள் முன்பு கேட்டதைவிட அதிகம் கேட்டாள்.

இப்போதும் ஒரு குதிரை தப்பித்தவறிச் சிவப்புச் சரிவில் கால் வைத்தால், புருல் மேட்டில் ஏறி நின்று சாலையோரக் கூடாரத்தைப் பார்த்துக் கூப்பிடுவாள். "மேல்வீட்டுக்காரரே" என்று இல்லை. லாரிக்காரர்களுக்கும் கேட்கும்படி, பெயரைச் சொல்லித்தான்.